அடைக்கலமும் உடன்படிக்கையும்

பாடம் முடிந்து கிதாபை மூடும் வேளையில் மாணவர் கேட்கும் கேள்விதான் ஆசிரியனை உண்மையில் சோதிப்பது. பாடத்திற்குள் எழும் ஐயங்களுக்கு ஓரக் குறிப்பிலோ விரிவுரையிலோ விடை கிடைத்துவிடும். மூடிய பின் எழும் கேள்விக்கு ஆசிரியன் தன் நெஞ்சையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் ஐப்பசித் திங்களில் எமக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. அக்டோபர் 24 மருதிருவர் நினைவு நாள். திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்ட இடத்தில் மாலையிடச் செல்வோரின் ஊர்திகள் எம் பகுதிச் சாலைகளில் காலை முதலே வரிசை பிடித்திருந்தன. அதனால் தாமதமாக வந்து சேர்ந்த மாணவர் ஒருவர், பாடம் முடியும் வரை பொறுத்திருந்து, பின் மெல்லக் கேட்டார்: “அசரத்து, ஊமைத்துரை ஒருவரைக் கும்பினியாரிடம் ஒப்படைத்திருந்தால் இந்தச் சீமை பிழைத்திருக்குமே! ஓர் ஆளுக்காக ஒரு நாட்டையே நெருப்பில் இடுவது முறைதானா?”

“நாளை சொல்கிறோம்” என்று அனுப்பிவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேள்வி மருதிருவரைப் பற்றியதாகத் தோன்றினும், எம்மைப் பற்றியதாகவும் இருந்தது. அது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் வரலாற்றை நேராகச் சொல்லிவிடுவது நலம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று அவர் சிறையிலிருந்து தப்பினார். கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அவருடைய மக்கள் சில நாட்களுக்குள் மீண்டும் மண்ணால் எழுப்பினர். அந்தக் கோட்டை மே 24 வரை தாக்குப்பிடித்தது. அது வீழ்ந்ததும், காயமுற்ற ஊமைத்துரை வடக்கு நோக்கி வந்து சிவகங்கைச் சீமையில் மருதிருவரிடம் அடைக்கலம் புகுந்தார். சின்ன மருதுவின் இருப்பிடம் சிறுவயல். நாச்சியாபுரத்தாராகிய எமக்கு அது அயலூர். மஞ்சுவிரட்டுப் பார்க்கப் போய்வரும் ஊர்.

கும்பினிப் படைத்தலைவர் அக்னியூ அடைக்கலம் புகுந்தவர்களைக் கேட்டார். மருதிருவர் கொடுக்கவில்லை. போர் மூண்டது. படை அணுகியபோது சிறுவயல் எரிந்துகொண்டிருந்தது. பகைவனுக்குப் பயன்படலாகாது என்று ஊரார் தாமே தீயிட்டுச் சென்றிருந்தனர். காளையார்கோயில் காட்டினூடே பாதை வெட்ட முயன்ற கும்பினிப் படை, ஒரு மாதம் பாடுபட்டும் கோயிலை எட்ட முடியாமல் திரும்பியது. பின்னர் வேறு வழிகளில் சூழ்ந்து வந்து அக்டோபர் 1 அன்று அதனைக் கைப்பற்றியது. அக்டோபர் 24 அன்று மருதிருவரும், அவர்களைச் சார்ந்தோர் பலரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். 1802இல் எழுபதுக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களுள் ஒருவர். அவருக்கு அப்பொழுது வயது பதினைந்து என்பர்.

அடைக்கலம் ஒன்றே போருக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. கிஸ்திப் பணத் தகராறு இருந்தது. திண்டுக்கல் பகுதியில் விருப்பாட்சி கோபால நாயக்கர் முதலியோருடன் கூட்டு இருந்தது. மருதிருவர் அரச மரபினர் அல்லர், பணியாளராய் இருந்து நாட்டைப் பிடித்தவர்கள் என்ற குற்றச்சாட்டைக் கும்பினியார் வெகு சாமர்த்தியமாகப் பரப்பி, படமாத்தூர் கௌரி வல்லபரை அரசுக்குரியவராக முன்னிறுத்தி, மக்களை இரு கூறாக்கவும் செய்தனர். எனினும் போரைத் தவிர்க்க இருந்த கடைசிக் கதவு அந்த ஒரு மனிதரைக் கொடுப்பதாகவே இருந்தது. அந்தக் கதவை மருதிருவர் தம் கையாலேயே சாத்தினர். மாணவர் கேட்டது அதனைத்தான்.

ஏன் சாத்தினர் என்று எண்ணும்போது 1772ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஜூன் 25 அன்று கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாப் முகம்மதலியின் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் தம் மகளுடனும், அமைச்சர் தாண்டவராயப் பிள்ளையுடனும், மருதிருவருடனும் திண்டுக்கல் பக்கம் சென்றார். அந்தச் சீமை அப்பொழுது மைசூர் ஐதர் அலியின் ஆட்சியில் இருந்தது. விருப்பாட்சியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. எட்டாண்டுகள் அவர்கள் அயலார் நிழலில் வாழ்ந்தனர். 1780இல் ஐதர் அலி தந்த படையுதவியுடன் நாச்சியார் தம் நாட்டை மீட்டார்.

ஆக, மருதிருவர் அடைக்கலத்தை நூலில் படித்து அறிந்தவர்கள் அல்லர். அடைக்கலச் சோறு உண்டவர்கள். அந்த எட்டாண்டுகளில் ஐதர் அலி அந்த அரசியை நவாபுக்கு விலையாகக் கொடுத்துச் சமாதானம் வாங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இங்கே நம்மவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. காளையார்கோயிலில் அந்தப் பெண்ணின் கணவர் மேல் படை அனுப்பியவரும் கலிமாச் சொன்னவர். அவளுக்கு நிழல் கொடுத்தவரும் கலிமாச் சொன்னவர். நீதியின் எல்லைக்கோடு மார்க்கங்களுக்கு நடுவே ஓடுவதில்லை என்பதற்கு எம் மாவட்டத்து வரலாறே போதும்.

புதுக்கோட்டைத் தொண்டைமானைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1799இல் கட்டபொம்மன் அவருடைய எல்லைக்குள் பிடிபட்டார்; கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். மேடையேறுவோர்க்கெல்லாம் அவரைப் பழிப்பது எளிதான காரியம். நாம் அவ்வளவு விரைந்து பழிக்க மாட்டோம். அவர் கும்பினியாரின் நேச அரசர். கொடுத்த வாக்குப்படி நடந்தார். அவருடைய ஊர்கள் எரியவில்லை. அவருடைய நாட்டுப் பிள்ளைகள் கப்பலேற்றப்படவில்லை. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணையும் வரை அந்தச் சமஸ்தானம் நிலைத்திருந்தது. சிறுவயல் எரிந்த ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூளியில் இட்டு நிம்மதியாகத் தாலாட்டியிருப்பாள் அல்லவா? அந்த நிம்மதி ஒன்றுமில்லாத பொருள் அன்று. மாணவரின் கேள்விக்கு அத்தனை கனம் இருக்கிறது.

இனி நாம் கற்ற துறையிலிருந்து இதனை நோக்குவோம்.

அடைக்கலத்தின் சிறப்பைக் கூற எமக்குச் சான்றுகள் குறைவில்லை. மக்காவின் கொடுமை தாளாது அபிசீனியாவுக்குச் சென்ற முஸ்லிம்களைத் திரும்பப் பெறக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதர்களை அனுப்பினர். நஜ்ஜாஷி மன்னர் பரிசுகளைப் பார்க்கவில்லை. வந்தவர்களை அழைத்து விசாரித்தார். ஜஃபர் (ரலி) அவர்கள் பேசினார்கள். மன்னர் கொடுக்க மறுத்தார். தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சொந்த ஊருக்குள் நுழைய ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அப்பொறுப்பை ஏற்றவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் அல்லர். தம் மக்களை ஆயுதம் தரிக்கச் செய்து கஅபாவில் நிறுத்தி, இவர் என் பாதுகாப்பில் இருக்கிறார் என்று ஊரறியச் செய்தார். அந்த நன்றியை நாயகம் (ஸல்) அவர்கள் மறக்கவேயில்லை. பத்ருப் போர்க் கைதிகளைக் கண்டபோது, முத்இம் உயிருடன் இருந்து கேட்டிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்போம் என்ற கருத்தில் அவர்கள் பேசியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

இவற்றைச் சொல்லி மாணவரின் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவர் ஹுதைபிய்யாவை ஓதியவர். நமக்கும் அதை மறைக்க வழியில்லை.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் குறைஷியருடன் உடன்படிக்கை எழுதப்பட்டது. மக்காவிலிருந்து தம் பொறுப்பாளரின் அனுமதியின்றி வருபவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. எழுத்து வேலை முடியும் முன்னரே ஓர் இளைஞர் காலில் விலங்குடன் தட்டுத் தடுமாறி வந்து முஸ்லிம்களின் நடுவே விழுந்தார். அவர்தாம் அபூஜந்தல் (ரலி). எதிரே அமர்ந்து உடன்படிக்கை பேசிக்கொண்டிருந்த ஸுஹைலின் மகனார். இவரை மட்டும் விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டும் தந்தை இணங்கவில்லை. முடிவில் அபூஜந்தல் திருப்பி அனுப்பப்பட்டார். பொறுமையோடு இருக்கும்படியும், அல்லாஹ் ஒரு வழியைத் திறப்பான் என்றும் அவருக்கு ஆறுதல் கூறப்பட்டது. இந்த இடத்தை ஓதிக் கொடுக்கையில் குரல் தடுமாறாத உஸ்தாது எவரையும் நாம் கண்டதில்லை.

நஜ்ஜாஷி கொடுக்கவில்லை, ஹுதைபிய்யாவில் கொடுக்கப்பட்டது. இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும்?

பலர் அபூஜந்தலின் கண்ணீரோடு இந்தப் பாடத்தை நிறுத்திவிடுகின்றனர். நாமும் நெடுநாள் அவ்வாறே நிறுத்தியிருந்தோம். அதற்கு அப்பால் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) என்னும் பெண்மணி மக்காவிலிருந்து தப்பி மதீனா வந்தார். அவரைத் திருப்பித் தருமாறு அவருடைய சகோதரர்கள் வந்து கேட்டனர். அவர் அனுப்பப்படவில்லை. நம்பிக்கை கொண்டு வரும் பெண்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மும்தஹினா அத்தியாயத்தின் பத்தாம் வசனம் இறங்கியது. அடுத்தவர் அபூபஸீர் (ரலி). நிபந்தனைப்படி அவரும் ஒப்படைக்கப்பட்டார். ஆனால் வழியில் காவலர் பிடியிலிருந்து விடுபட்டு, மதீனாவிலும் தங்காமல், மக்காவிலும் சேராமல், கடற்கரை ஓரத்தில் போய்த் தங்கினார். அபூஜந்தலும் அங்கே போய்ச் சேர்ந்தார். தப்பி வந்தோர் ஒவ்வொருவராகச் சேர, குறைஷியரின் வணிகக் கூட்டங்களுக்கு அவ்வழி முள்ளாயிற்று. முடிவில் குறைஷியரே, அந்த நிபந்தனை வேண்டாம், அவர்களை நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டனர்.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது யாது? உடன்படிக்கை கை கொடுத்தவரைக் கட்டும். அவர் எவ்வளவுக்குக் கை கொடுத்தாரோ அவ்வளவுக்குக் கட்டும். கை கொடுக்காத அபூபஸீரை அது கடற்கரை வரை துரத்திச் சென்று கட்டவில்லை. சொல்லில் அடங்காத ஒருவரை அடைக்கலத்திலிருந்து பிடுங்கிக் கொடுக்க அதன் வாசகத்தை நீட்டவும் இல்லை. வாக்கு பெரியது. பெரியதாக இருப்பதனாலேயே, எவருடைய வாக்கு, எதற்கான வாக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்பொழுது சிவகங்கைக்குத் திரும்புவோம். மருதிருவரைக் கட்டிய வாக்கு யாருடையது? 1792 ஜூலையில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிசும் நவாப் முகம்மதலியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படிப் பாளையக்காரரிடம் திறை தண்டும் உரிமை கும்பினிக்குப் போயிற்று. நவாபு பட்ட கடனுக்கு இந்தச் சீமைகள் ஈடாயின. பின்னர் 1801 ஜூலை 31 அன்று, காளையார்கோயில் காட்டில் கோடரி ஓசை கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, நவாப் அசீமுத்தௌலா கர்நாடகம் முழுவதன் ஆட்சியையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். எழுதியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். எழுதப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

பிறர் பொருளை அவருடைய அனுமதியின்றி விற்பவனைப் பிக்ஹு நூல்கள் ‘ஃபுளூலி’ என்று அழைக்கும். ஹனஃபி மத்ஹபில் உரியவர் ஒப்புக்கொள்ளும் வரை அவ்விற்பனை நிறுத்திவைக்கப்படும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி அது செல்லவே செல்லாது. பொருளின் நிலையே இதுவென்றால், விற்கத் தகாத மனிதரையும் அவர்தம் நாட்டையும் பிறர் எழுதிக் கொடுப்பதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?

“மருதிருவர் கிஸ்தி கட்டினார்களே, அது ஒப்புதல் ஆகாதா?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிஸ்தி நிலத்திற்கு உரியது. விருந்தாளியின் கழுத்து அதில் சேர்ந்ததன்று என்பதே எமது விடை.

1801 ஜூன் 16 என்று நாளிட்டுச் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை மதிலில் ஒட்டப்பட்டது. திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் பெயர் குறித்து விளித்தது அது. நவாபு தம் அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்தார். அவர்கள் நன்றி கெட்டு நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர் என்பது அதன் முறையீட்டின் சாரம். ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அதனைப் போற்றுவோர், அது எழுப்பும் இந்த வழக்கையும் எண்ண வேண்டும். எம் தலைக்கு மேல் இருவர் செய்துகொண்ட பேரம் எம்மைக் கட்டாது என்பதே அந்த வழக்கு.

உலகின் மறுகோடியில் இதே வழக்கைச் சில ஆண்டுகளுக்கு முன் வேறு சிலர் தொடுத்திருந்தனர். அமெரிக்காவில் குடியேறியிருந்த ஆங்கிலேயர், தாம் உறுப்பினர் அனுப்பாத இலண்டன் பாராளுமன்றம் தம்மீது வரி விதிப்பது செல்லாது என்றனர். அவர்களும் நம்மவரும் ஒரே கும்பினியின் கையால் துன்புற்றவர்கள் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் வீழ்ந்த அதே 1772இல் கும்பினி பணமுடையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. விற்காமல் தேங்கிக் கிடந்த அதன் தேயிலையைக் குடியேற்ற நாடுகளில் தள்ளிவிட 1773இல் சட்டம் செய்தனர். அந்தத் தேயிலையில் சுமார் 340 பெட்டிகளைத்தான் பாஸ்டன் மக்கள் அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று கடலில் கொட்டினர். 1776 ஜூலை 4இல் விடுதலை அறிக்கை பிறந்தது. 1781இல் யார்க்டவுனில் அவர்களிடம் சரணடைந்த காரன்வாலிசுதான் பின்னர் இங்கே வந்து திப்புவின் பாதி நாட்டைப் பறித்தவரும், மேலே கூறிய 1792 ஒப்பந்தத்தைச் செய்தவரும். பென்சில்வேனியாவினர் தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலியின் பெயரையே சூட்டினர். 1782 ஏப்ரலில் அது தன்னினும் பெரியதோர் ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. விருப்பாட்சியில் ஓர் அரசிக்கு நிழல் தந்தவரின் பெயர் டெலவேர் விரிகுடாவில் மிதந்ததை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவது உண்மை.

ஆனால் அந்த மகிழ்ச்சியை முழுமையாக அனுபவிக்க வரலாறு விடவில்லை.

அமெரிக்கப் போரின்போது, எசமானரிடமிருந்து ஓடி வந்து தங்கள் பக்கம் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று ஆங்கிலத் தளபதிகள் அறிவித்திருந்தனர். கருணையால் அன்று, பகைவரை நலிவிக்கவே. ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்தனர். போர் முடிந்து சமாதான உடன்படிக்கை எழுதியபோது, ஆங்கிலப் படை நீக்ரோக்களையோ அமெரிக்கரின் பிற உடைமைகளையோ கொண்டு செல்லாமல் வெளியேற வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. 1783 மே மாதம் தளபதி வாஷிங்டன் நியூயார்க்கில் இருந்த ஆங்கிலத் தளபதி கார்ல்டனை நேரில் சந்தித்து அதனை நிறைவேற்றுமாறு கேட்டார். கார்ல்டன் மறுத்துவிட்டார். எங்கள் சொல்லை நம்பி வந்து விடுதலை பெற்றவர்கள் எவருடைய உடைமையும் அல்லர். ஆதலால் அந்த நிபந்தனை அவர்களைக் குறிக்காது என்பது அவர் வாதம். சுமார் 3,000 பேரின் பெயர்களையும் வயதையும், முன்னர் யாரிடம் இருந்தனர் என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி, அவர்களைக் கப்பலேற்றி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார். வாஷிங்டனின் சொந்தப் பண்ணையிலிருந்து ஓடிவந்த ஹாரி என்பவர் பெயரும் அந்த ஏட்டில் இருக்கிறது.

விடுதலைக்குப் போராடி வென்றவர், அடைக்கலம் புகுந்தோரைத் திருப்பிக் கேட்கிறார். நாடுகளைப் பிடுங்கிய அரசின் தளபதி, கொடுக்க மறுக்கிறார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே அரசின் கொடியின் கீழ் வந்தவர்கள் சிறுவயலில் ஊமைத்துரையைக் கேட்டனர். அவர்களுள் வெல்ஷ் என்ற அதிகாரி, தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்றும், அந்த மனிதரையே பின்னர் வேட்டையாட நேர்ந்தது என்றும், 1830இல் வெளியான தம் நினைவு நூலில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். மனிதருக்கு நன்மை புரியாமல் இல்லை. உத்தரவு வேறாக இருந்தது. (கார்ல்டனையும் நாம் வானளாவப் புகழவில்லை. அவருடைய நாடு அடிமை வாணிகத்தை 1807 வரை நடத்திக்கொண்டுதான் இருந்தது.)

இனி, எம் வாதத்திற்கு எதிராக நாமே ஒன்று கூறியாக வேண்டும். பிறர் தலைமேல் கையெழுத்திடுவது செல்லாது என்கிறோம். மருதிருவர் செய்ததும் அதுதானே? ஊமைத்துரையைக் காப்பது என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் இருவர். வீட்டுக் கூரைக்குத் தீயிட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன பெண்ணிடம் யார் கேட்டார்கள்? பினாங்குக்குக் கப்பலேறிய அந்தச் சிறுவன் துரைச்சாமி எதில் கையெழுத்திட்டான்?

இதற்கு எம்மிடம் அரை விடைதான் உண்டு. மருதிருவர் மறைத்துச் செய்யவில்லை. மதிலில் ஒட்டி, எல்லாச் சாதியாரையும் விளித்து, வருபவர் வாருங்கள் என்றனர். வந்தவர்கள் தாமே வந்தனர். படமாத்தூரார் பக்கம் போனவர்களும் இருந்தனர். நவாபு இரகசிய அறையில் எழுதியதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. இன்னொன்று: தான் செய்த முடிவின் விலையைத் தானே முதலில் கொடுப்பவனும், பிறர் கையால் கொடுப்பிப்பவனும் ஒரே தட்டில் நிற்கமாட்டார்கள். மீதி அரை விடைக்காகத் துரைச்சாமியின் முகம் இன்னும் எம்முன் நிற்கிறது. அதை நாம் மறைக்கவில்லை.

இனி, முதலில் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

1996ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். அப்பொழுது நாம் வேறோர் ஊரில் சிறுவர்க்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மழைக்காலம். மஃக்ரிபு தொழுது வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் ஒரு பையன் நடுங்கிக்கொண்டு குந்தியிருந்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். நம்மவர் வீட்டுப் பிள்ளை அல்லன். ஊருக்கு வெளியே வயலில் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம் ஆடு மேய்க்க விடப்பட்டவன், ஓடி வந்துவிட்டான். “ஐயா, ராத்திரிக்கு மட்டும் இருந்துக்கிறேன்” என்றான். எம் வீட்டார் தலை துவட்டத் துண்டும், உடுத்த எம்முடைய பழைய கைலி ஒன்றும் கொடுத்து, சோறு போட்டார்கள். காலில் முள் குத்தி ஆறாத புண் இருந்தது. வேறொன்றும் அவன் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

பஜ்ருத் தொழுகைக்குப் பின் கீதாரி வந்தார். கொடியவர் என்று சொல்ல முடியாது. பணிவாகவே நின்றார். மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, “நீங்களே படிச்சுப் பாருங்க பாய்” என்று நீட்டினார். பையனின் தந்தை மூவாயிரம் ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு, ஓராண்டுக்குப் பையனை வேலைக்கு விடுவதாக எழுதிக் கைநாட்டு வைத்திருந்தார். படித்தோம். படிக்கத் தெரிந்தவர் என்ற மதிப்பினால்தான் தாள் எம் கைக்கு வந்தது. படித்தவுடன் எம் நினைவுக்கு வந்தவர் அபூஜந்தல். வாக்கு வாக்குத்தானே என்று எண்ணினோம். பையனிடம், “உங்க அப்பா பணம் வாங்கியிருக்காருப்பா. வருசம் முடியட்டும். பொறுமையா இரு” என்றோம். நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஆறுதலை நாம் வேலை முடிந்த நிம்மதியோடு கூறினோம்.

அவன் அழவில்லை. உள்ளே போய்த் தன் ஈர உடையை மாற்றிக்கொண்டு, எம் கைலியை நான்காக மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் பின்னே நடந்தான். நொண்டிக்கொண்டே நடந்தான்.

அந்தத் தாள் செல்லாத தாள் என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட கடனே இல்லாமற் போகிறது. சட்டம் தெரியாதது ஒரு குறை. தெரிந்த பிக்ஹு அந்த நேரத்தில் நினைவுக்கு வராததை என்னவென்பது? ஃபுளூலியின் பாடத்தை அவ்வாண்டுதான் மாணவர்க்கு நடத்தியிருந்தோம். தந்தை எழுதினார், கீதாரி வாங்கினார், நாம் படித்துச் சரி சொன்னோம். மூவருள் எவரும் எழுதப்பட்டவனைக் கேட்கவில்லை. ஹுதைபிய்யாவில் கை கொடுத்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இந்தத் தாளில் நாம் கை கொடுத்திருக்கவில்லை. அப்படியிருக்க, எவருடைய வாக்கைக் காப்பாற்ற அவனைக் கொடுத்தோம்? அன்று கீதாரியிடம் தகராறு வேண்டாம், ஊராருக்கு விளக்கம் சொல்லும் தொல்லை வேண்டாம் என்ற எண்ணமும் எம் உள்ளத்தில் இருந்தது. எம் ஊர் எதுவும் எரிந்திருக்காது. மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பேச்சு நடந்திருக்கும், அவ்வளவே.

அடுத்த ஆண்டு கிடைகள் வந்தபோது தேடினோம். அந்தக் கீதாரி வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கலாம் என்று வேறொருவர் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் மாணவரிடம் இவ்வளவையும் கூறினோம். சிறுவயலையும், ஹுதைபிய்யாவையும், நியூயார்க்கில் எழுதிய அந்தப் பதிவேட்டையும், இறுதியாக இதையும். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதிருவரைப் பற்றி மேலும் வாதாடுவார் என்று எதிர்பார்த்தோம்.

“அந்தப் பையன் பேரு என்ன அசரத்து?” என்று கேட்டார்.

நாம் கேட்டுவைக்கவில்லை.